தடை எங்கே முடிகிறது என்று யார் எழுதுவது?

ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள கிரேப்ஸ்-3 கருவியின் மியூவான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. வானத்திலிருந்து விழும் மியூவான் துகள்களை நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி என்ற கணக்கில் அது பதிவுசெய்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று மலைக்கு மேலே திரண்ட இடிமேகம் ஒன்றுக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் உருவானதை, மியூவான் எண்ணிக்கையில் ஏற்பட்ட சிறு மாற்றத்தை வைத்தே இங்குள்ள ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2019இல் வெளியான அந்த முடிவு நீலகிரியின் பெயரை உலக இயற்பியலாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்தத் துகள்கள் ஆய்வகக் கருவிகளின் மீது மட்டும் விழுவதில்லை. காஸ்மிக் கதிர் காற்றில் மோதிச் சிதறும்போது மியூவான்களோடு நியூட்ரான்களும் பிறக்கின்றன. அப்படிப் பிறந்த நியூட்ரான் ஒன்று கணினியின் நினைவகச் சில்லுக்குள் இசகுபிசகான இடத்தில் மோதினால், அங்கிருந்த 0, 1 ஆகிவிடக்கூடும். எந்த நிரலும் எழுதச் சொல்லவில்லை, எந்த மனிதரும் விசைப்பலகையைத் தொடவில்லை. ஆனாலும் பதிவு மாறிவிட்டது. உயரம் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும். ஐபிஎம் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நடத்தி 1996இல் வெளியிட்ட சோதனைகளில், 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் கொலராடோவின் லெட்வில் ஊரில் நினைவகப் பிழைகள் பல மடங்கு பெருகின. பாறைக்கு அடியில் வைத்தபோது அடங்கிப்போயின. ஊட்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் புவிக்காந்தப் புலம் கதிர்களைக் கூடுதலாகத் தடுப்பதால், உயரத்தால் ஏறும் ஆபத்தில் ஒரு பகுதி இங்கே குறைகிறது. ஆனால், இல்லாமல் போய்விடுவதில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் பகுதியில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பன்னிரண்டாவது படியில் வரும் எண் அது. ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்பதே விசாரணையில் எஞ்சிய விளக்கம். 2025 அக்டோபரில் ஜெட்புளூ நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம் பறந்துகொண்டிருந்தபோதே திடீரென மூக்கைத் தாழ்த்தியது. கடும் சூரியக் கதிர்வீச்சு விமானக் கட்டுப்பாட்டுத் தரவைக் கெடுக்கக்கூடும் என்று அடுத்த மாதம் ஏர்பஸ் அறிவித்தது. உலகெங்கும் சுமார் 6,000 விமானங்களுக்கு அவசரத் திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று. இந்தியாவிலும் இண்டிகோ, ஏர் இந்தியா விமானங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன.

நினைவகத்தின் சில பகுதிகளில் யாரும் எழுதக் கூடாது என்று தடை போடுவது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வேலை. அந்தத் தடை நிரல்களுக்குப் போடப்பட்டது, வானத்துக்குப் போடப்பட்டதல்ல. கதிரால் புரளும் பிட்டைப் பிடிக்க ஈசிசி எனப்படும் பிழைதிருத்தும் நினைவகம் தனியாக வேண்டும். எந்த ஆபத்தை எந்தப் பாதுகாப்பு தடுக்கும், எதைத் தடுக்காது என்பதைச் சாதாரணப் பொறியாளருக்கும் புரியும்படி எழுதிவைப்பது, அந்தப் பாதுகாப்பை உருவாக்குவதற்குச் சற்றும் குறையாத பணி. உலகம் அந்தப் பணியை மதிக்கவில்லை. தமிழ்நாடு அதைக் கேட்டு வாங்கவும் இல்லை. இரண்டும் மாற வேண்டும்.

தடை எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். பட்டா விவரத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்; திருத்தும் உரிமை வருவாய்த் துறைக்கு மட்டும்தான். நினைவகத்திலும் ஏற்பாடு ஏறக்குறைய இதுதான். பெரும்பாலான கணினிகளில் நினைவகம் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் படிக்கலாமா, எழுதலாமா, அதில் உள்ளதைக் கட்டளையாக இயக்கலாமா என்று மூன்று குறிகள். ‘எழுதலாம்’ குறி இல்லாத பக்கத்தில் ஒரு நிரல் எழுத முயன்றால் செயலி உடனே நிறுத்தி, கெர்னலிடம் ஒப்படைக்கும். கெர்னல் அந்த நிரலை முடித்துவைக்கும். குன்னூர் தேயிலை மின்னணு ஏலத்தில் விலை கேட்கும் கணினியானாலும் சரி, தோட்டத் தொழிலாளியின் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனானாலும் சரி, இந்த மூன்று குறிகள்தான் அடிப்படை. ஆண்ட்ராய்டுக்கு உள்ளே இருப்பது லினக்ஸ் கெர்னல்தான் என்பதால், லினக்ஸில் நடப்பது கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் சம்பந்தமில்லாத சங்கதி அல்ல.

இவ்வளவு எளிமையான தடையிலேயே விதிவிலக்குகள் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. இன்டெல் 1985இல் கொண்டுவந்த 80386 செயலியில், எழுத்துத் தடை சாதாரண நிரல்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. கெர்னலே எழுதப் போனால் செயலி கண்டுகொள்ளாது. ஒரு நிரல் தனக்கு உரிமையில்லாத முகவரியைக் கொடுத்து, ‘கோப்பைப் படித்து இங்கே போடு’ என்று கெர்னலைக் கேட்டால் போதும், தடை கவிழ்ந்துவிடும். லினக்ஸ் பிறந்ததே 386 கணினியில்தான். எனவே, ஒவ்வொரு முறையும் எழுதுவதற்கு முன் ‘இது தடுக்கப்பட்ட பக்கமா?’ என்று கெர்னல் தானே சோதித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1989இல் வந்த 486 செயலியில் கெர்னலையும் கட்டுப்படுத்தும் ஒரு பிட் சேர்க்கப்பட்டது. ஆனாலும், 386க்காக எழுதிய அந்தச் சோதனைகளின் சுமை லினக்ஸை விட்டு நீங்க 2013இல் வெளியான 3.8 பதிப்புவரை ஆயிற்று. இந்தக் குறையை இன்டெல் மறைக்கவில்லை. செயலியின் கையேட்டிலேயே இருந்தது. படித்தவர்கள் சோதனை போட்டுத் தப்பித்தார்கள். எழுதப்பட்ட குறை ஆளைக் கொல்வதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

எழுதப்படாத குறை என்ன செய்யும் என்பதைக் கேத்தியில் இருக்கும் சிஎஸ்ஐ பொறியியல் கல்லூரி மாணவரோ, ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி மாணவரோ ஒரு மதியத்தில் செய்து பார்த்துவிடலாம். லினக்ஸ் கணினியில் இருபது வரிகளுக்கு உட்பட்ட ஒரு சி நிரல் போதும். எம்மேப் கட்டளையால் தனக்கென ஒரு நினைவகப் பக்கத்தைப் படிக்க மட்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் ஓர் எழுத்தை எழுத முயல வேண்டும். திரையில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று வந்து நிரல் செத்துவிடும். இதுவரை பாடப்புத்தகத்தில் உள்ளது. இப்போது அதே நிரலில், நேராக எழுதுவதற்குப் பதில் ‘/ப்ராக்/செல்ஃப்/மெம்’ என்ற சிறப்புக் கோப்பைத் திறந்து, அதே முகவரிக்கு நகர்ந்து, அதே எழுத்தை எழுதச் சொல்ல வேண்டும். வழக்கமான அமைப்பில் இருக்கும் கணினியில் நிரல் சாகாது. எழுத்து மாறியிருக்கும்! படிக்க மட்டும் என்ற குறியும் பக்கத்தின் மேல் அப்படியே இருக்கும்.

இது பிழையல்ல; வேண்டுமென்றே வைத்த வழி. நிரல்களின் குறை தேடும் டீபக்கர் கருவிகள், இயங்கும் நிரலை ஓரிடத்தில் நிறுத்துவதற்கு அதன் கட்டளைப் பக்கத்திலேயே ஒரு சிறு மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பின்வாசல். ஆனால், இயங்குதளப் பாடத்தில் பக்கக் குறிகளைப் படித்துத் தேர்வெழுதும் எத்தனை மாணவர்களுக்கு இப்படியொரு வாசல் இருப்பது சொல்லப்படுகிறது?

அந்த வாசலை ஒட்டித்தான் 2016இல் ‘டர்ட்டி கவ்’ என்ற பாதுகாப்புக் குறை வெளிச்சத்துக்கு வந்தது. படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பின் நகலை நினைவகத்தில் எடுத்து, அந்தச் சிறப்புக் கோப்பின் மூலம் ஒருபுறம் எழுதிக்கொண்டே, மறுபுறம் நகலைத் தூக்கி எறியும்படி கெர்னலிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரு நொடியின் மிகச்சிறு பகுதியில் மோதிக்கொள்ளும்போது, எழுத்து நகலில் விழாமல் அசல் கோப்பிலேயே விழுந்துவிடும். கணினியில் எந்த அதிகாரமும் இல்லாத பயனர் முழு அதிகாரியாகிவிட இது போதுமானதாக இருந்தது. 2007லிருந்து ஒன்பது ஆண்டுகள் இந்தக் குறை எல்லா லினக்ஸ் கணினிகளிலும், ஆண்ட்ராய்டு போன்களிலும் உட்கார்ந்திருந்தது. அதற்கும் முன்பே, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதைச் சரிசெய்ய முயன்று, வேறொரு வகைக் கணினியில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டதை, 2016இல் அவரே திருத்தக் குறிப்பில் பதிவுசெய்தார்.

அடுத்த ஆண்டு இன்னொரு பாடம் கிடைத்தது. இந்தப் பின்வாசலை ஒரேயடியாக மூடிவிடலாம் என்று 2017இல் டோர்வால்ட்ஸ் முயன்றார். மூடியதும் ஜூலியா என்ற கணிப்பு மொழியும், ஆர்ஆர் என்ற டீபக்கரும் உடைந்துபோயின. அவை இந்த வழியை நம்பியே வடிவமைக்கப்பட்டிருந்தன. வாசல் மறுபடி திறக்கப்பட்டது. எந்த வசதி யாருக்காக இருக்கிறது, யார் அதை நம்பலாம், எதிர்காலத்தில் அது இருக்குமா என்று எங்கும் தெளிவாக எழுதி வைக்காதபோது இப்படித்தான் ஆகும். கண்டுபிடித்தவர்கள் பயன்படுத்தத் தொடங்குவார்கள். பிறகு அந்த வசதியைத் தொடவே முடியாமல் போகும். ஏழு ஆண்டுகள் கழித்து 2024இல் வந்த 6.12 பதிப்பில்தான், இந்த வாசலை எப்போதும் திறந்துவைப்பதா, டீபக்கருக்கு மட்டும் திறப்பதா, முழுக்க மூடுவதா என்று கணினியை நிர்வகிப்பவரே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு வந்தது.

நல்ல ஆவணம் எப்படி இருக்கும் என்பதற்கும் அதே 2024 ஓர் உதாரணம் தந்திருக்கிறது. கூகுளைச் சேர்ந்த ஜெஃப் ஷூ முன்மொழிந்த ‘எம்சீல்’ என்ற வசதி அந்த ஜூலையில் வெளியான லினக்ஸ் 6.10இல் சேர்ந்தது. ஒரு நினைவகப் பகுதிக்கு முத்திரை வைத்துவிட்டால், பிறகு அதன் குறிகளை மாற்றவோ, அதைப் பிடுங்கி அங்கே வேறொன்றை வைக்கவோ அந்த நிரலாலேயே முடியாது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் தியோ டி ராட் முன்பே கொண்டுவந்திருந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பிறந்த யோசனை இது. வசதியோடு சேர்ந்தே அதன் ஆவணமும் கெர்னலுக்குள் வந்தது. எந்தெந்தக் கட்டளைகளை முத்திரை தடுக்கும் என்று அதில் பட்டியல் உண்டு. அதைவிட முக்கியமாக, எது தடைபடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். மேலே சொன்ன சிறப்புக் கோப்பு, டீபக்கர்களின் பிட்ரேஸ், பயனரே பக்கப் பிழைகளைக் கையாளும் யூசர்ஃபால்ட்எஃப்டி ஆகிய வழிகளில் படிக்க மட்டுமான நினைவகத்திலும் எழுத முடியும் என்பதும், வேறு பாதுகாப்பு ஏற்பாடுகளால்தான் அவற்றை அடைக்க வேண்டும் என்பதும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. இந்தச் சில வரிகளுக்காகவே அந்த ஆவணத்தை ஒவ்வொரு கணினித் துறை ஆசிரியரும் வகுப்பில் வாசிக்கவைக்கலாம். தன் வசதியின் எல்லையைத் தானே எழுதிக் கொடுக்கும் பொறியாளரை நம்பலாம்.

ஆனால், எல்லா வசதிக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. யூசர்ஃபால்ட்எஃப்டியில் எழுத்துத் தடை போடும் திறன் 2020 மே இறுதியில் வெளியான 5.7 பதிப்பில் வந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர்க் கணினியை நிறுத்தாமலேயே அதன் நினைவகத்தைப் படம்பிடித்துச் சேமிக்க உதவும் அருமையான வசதி. அதன் விளக்கம் லினக்ஸ் கையேட்டுப் பக்கத்தில் ஏறியது மறு ஆண்டுதான். புதிய கட்டளை எதைச் சேர்த்தாலும் அதற்குக் கையேட்டுப் பக்கமும் வர வேண்டும் என்று கெர்னல் குழுவே விதி எழுதிவைத்திருக்கிறது. விதி இருந்தும் ஏன் தாமதம்? எழுத ஆளில்லை.

லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களை 2004 முதல் பல ஆண்டுகள் பேணிவந்தவர் மைக்கேல் கெரிஸ்க். அவருக்குப் பின் பொறுப்பேற்ற அலெஹாந்த்ரோ கோலோமார், 2024 செப்டம்பரில் இனித் தொடர முடியாது என்று அறிவித்தார். நான்கு ஆண்டுகளாகச் சம்பளமே இல்லாமல் செய்துவந்த வேலை அது. உலகின் சர்வர்களில் பெரும்பகுதியும், கோடிக்கணக்கான போன்களும் நம்பியிருக்கும் ஓர் இயங்குதளத்தின் கையேட்டைப் பார்த்துக்கொள்ள அதுவரை ஒரே ஒரு மனிதருக்குக்கூட ஊதியம் இருக்கவில்லை. அறிவிப்புக்குப் பிறகு சில நிறுவனங்கள் நிதி தர முன்வந்து பணி தொடர்கிறது. எழுத்துத் தடைக்குப் புதுப்புது வழி கண்டுபிடிக்கும் பொறியாளர்களுக்கு நிறுவனங்கள் அள்ளிக் கொடுக்கின்றன. அதே தடையைப் பற்றி நாலு பேருக்குப் புரிய எழுதுபவர் கையேந்த வேண்டியிருக்கிறது. இது அநீதி என்பதோடு, பாதுகாப்புக்கும் கேடு.

எழுதுவதன் மதிப்பை மேக்ஸ் கெல்லர்மன் நடத்திய தேடலில் பார்க்கலாம். ஜெர்மனியில் இணையத்தள நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் அவருக்கு 2021இல் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது: சுருக்கி வைத்த பதிவேட்டுக் கோப்பு திறக்க மறுக்கிறது. கோப்பின் கடைசி எட்டு பைட்டுகள் மட்டும் மாறியிருந்தன. சரிசெய்துவிட்டு மறந்தார். சில மாதங்களில் மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது. எல்லாமே பெரும்பாலும் மாதத்தின் கடைசி நாள் கோப்புகள். அந்த எட்டு பைட்டுகள் ஜிப் கோப்புகளின் தலைப்பில் வரும் பைட்டுகள் என்பதைக் கவனித்தார். கோப்பில் எழுதும் உரிமையே இல்லாத ஒரு நிரலிலிருந்து அவை கசிந்துவந்திருந்தன. கெர்னலில் ஒரு குறி தொடக்கத்தில் சுத்தம் செய்யப்படாமல் விடப்பட்டிருந்ததே காரணம். ‘டர்ட்டி பைப்’ என்று பெயர்பெற்ற அந்தக் குறையை 2022 மார்ச்சில் அவர் வெளியிட்டபோது, வாடிக்கையாளர் புகார் தொடங்கிக் கடைசி வரிவரை ஒரு துப்பறியும் கதையின் தெளிவோடு எழுதினார். உலகெங்கும் பொறியாளர்கள் அதைப் படித்துப் புரிந்துகொண்டார்கள், தங்கள் கணினிகளைச் சரிசெய்தார்கள். குறையைக் கண்டுபிடித்தது பாதி வேலை. அவர் மீதியையும் செய்தார்.

குறைகளை இப்படி விலாவாரியாக எழுதினால் திருடர்களுக்குத்தானே வழிகாட்டி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான அச்சம்தான். திருத்தம் வெளிவரும்வரை வாய்மூடி இருப்பதும் அவசியம். கெல்லர்மனும் அப்படித்தான் செய்தார். ஆனால், லினக்ஸின் மூல நிரல் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. தாக்க நினைப்பவர் அதை மாதக்கணக்கில் உட்கார்ந்து படிப்பார், படிக்க அவருக்குப் பணமும் கிடைக்கும். ஆவணம் இல்லாததால் இருட்டில் நிற்பது மாவட்ட அலுவலகக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரும், கல்லூரி மாணவரும்தான். மூடிவைத்தால் ஏமாறுவது நம் ஆட்களே.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் கைகட்டி நிற்க வேண்டிய மாநிலம் அல்ல. இந்தியாவின் சொந்த லினக்ஸ் வெளியீடான பாஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் உருவானது, 2007இல் வெளிவந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் வழியே மாணவர்களுக்குப் போன கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. சென்னை ஐஐடி தன் சொந்தச் செயலியான ஷக்தியில் லினக்ஸை ஓடவைத்துக் காட்டியிருக்கிறது. கருவியும் இருக்கிறது, கொள்முதலும் நடக்கிறது. ஒப்பந்தப்புள்ளியில் திரையின் அளவும், பேட்டரியின் நேரமும் எழுதப்படுகின்றன. நினைவகப் பாதுகாப்பில் எதெல்லாம் இயக்கப்பட்டிருக்கிறது, எது தடைபடாது என்ற ஒரு பக்கத்தையும் விற்பவரிடம் கேட்டு வாங்கினால் என்ன குறைந்துவிடும்?

2024 மக்களவைத் தேர்தல் இதே கேள்வியை வேறு உருவில் எழுப்பியது. நீலகிரியில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு முடிந்து இயந்திரங்கள் ஊட்டியில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கண்காணிக்கும் கேமராக் காட்சிகள் 27ஆம் தேதி சுமார் 20 நிமிடம் தடைபட்டன. கோளாறு சரிசெய்யப்பட்டது, அதிகாரிகள் விளக்கம் தந்தார்கள். கட்சிக்காரர்கள் பதறியது இயல்பு. வெளிப்பூட்டு, சீல், கேமரா எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத பூட்டைப் பற்றிய வழக்கு அதற்கு முந்தைய நாள்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்திருந்தது. இயந்திரத்தின் சில்லு ஒரே ஒருமுறை மட்டுமே எழுதக்கூடியதா என்று நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபங்கர் தத்தாவும் தேர்தல் ஆணையத்திடம் நேரடியாகவே விளக்கம் கேட்டார்கள். நிரல் எரிக்கப்பட்ட பகுதி மாற்ற முடியாதது, வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட்டில் சின்னங்களை ஏற்றும் பகுதி மட்டும் தனி ஃபிளாஷ் நினைவகம் என்ற விவரம் ஏப்ரல் 26 தீர்ப்பின் வழியாகத்தான் பலருக்கும் தெரியவந்தது. இரண்டாம், மூன்றாம் இடம்பெற்ற வேட்பாளர்கள் கேட்டால், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கலாம் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆணையம் மீது சந்தேகம் இருப்பவரும் இல்லாதவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பகுதியில் எழுத முடியும், எதில் முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள குடிமக்கள் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கக் கூடாது.

எழுதும் பணியில் தமிழுக்கும் இடம் வேண்டும். கணியம் இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் கட்டுரைகளும், ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் நூல்களும் இலவசமாக வெளியிட்டுவருகிறது. லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகளைத் தமிழிலேயே கற்றுக்கொண்டு வேலைக்குப் போன இளைஞர்கள் இருக்கிறார்கள் என்றால், அதற்குத் தன்னார்வலர்கள் விழித்திருந்த இரவுகள்தான் காரணம். கெர்னலின் உள்ளே இருக்கும் பாதுகாப்புகளைப் பற்றி அதே தெளிவோடு எழுத மொழியில் எந்தத் தடையும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010லேயே கட்டிடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. கணினித் துறைக்கு இப்போதைய தேவை, மொழிபெயர்த்த பாடப்புத்தகத்தைவிட, செய்து பார்த்து எழுதப்பட்ட கையேடு. மேலே சொன்ன இருபது வரி நிரலை இயக்கிப் பார்த்த மாணவர், அது ஏன் அப்படி நடந்தது என்று தாய்மொழியில் இரண்டு பக்கம் எழுதினால் அவர் கற்றுக்கொள்வது எந்தத் தேர்வும் தராத கல்வி.

இதற்குப் புதிய துறையோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் ஏற்கெனவே பொறியியல், கலைக் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. அதில் தொழில்நுட்ப ஆவணம் எழுதுவதை ஊதியத்தோடு கூடிய பயிற்சியாகச் சேர்க்கலாம். நீலகிரியின் கல்லூரிகளிலிருந்தே தொடங்கலாம். மென்பொருள் வேலைக்காக இங்கிருந்து கோவைக்கும் பெங்களூருக்கும் இறங்கிப்போகும் பிள்ளைகளுக்கு, மலையில் இருந்தபடியே செய்யக்கூடிய மதிப்பான வேலைகளில் இது ஒன்று. எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்பைச் சென்னை ஐஐடியும் சி-டாக்கும் ஏற்கலாம். ஆங்கிலத்தில் எழுதுபவர் லினக்ஸ் கையேட்டுக்கே திருத்தம் அனுப்பலாம். அங்கே ஆள் பற்றாக்குறை இன்னும் தீர்ந்துவிடவில்லை.

எங்கே தொடங்குவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 6.12 பதிப்பில் வந்த அந்த மூன்று தேர்வுகளை எடுத்துக்கொள்ளலாம்: எப்போதும் திறப்பது, டீபக்கருக்கு மட்டும் திறப்பது, முழுக்க மூடுவது. பாஸ் லினக்ஸில் அது எந்த நிலையில் வைத்துத் தரப்படுகிறது, பள்ளியிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் அது எந்த நிலையில் இருக்க வேண்டும், மாற்ற என்ன தட்டச்சு செய்ய வேண்டும், மாற்றினால் எந்தெந்த நிரல் நின்றுபோகும், அந்தக் கணினியில் ஈசிசி நினைவகம் உண்டா இல்லையா. தமிழில் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. சி-டாக் அதை அடுத்த வெளியீட்டோடு சேர்த்தே தரட்டும். எல்காட் அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் அதைக் கட்டாயமாக்கட்டும்.